கைக்குத் துணையாக வந்த கால்

எனக்கு ஒண்ணும் இல்லீங்கக்கா. ஆஸ்பத்திரிக்கு வந்தது அவருக்குத்தான். அதோ, அந்தத் தூண் பக்கத்துல நீலச் சட்டை போட்டுக்கிட்டு, குனிஞ்சு தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார் பாருங்க, அவர்தான் எங்க வீட்டுக்காரர். கீழே எதுவும் விழுந்துடலை. டைல்ஸ் பார்க்கிறார். டைல்ஸ் ஒட்டுறதுதான் அவருக்குத் தொழில், அதனால எங்கே போனாலும் இதே பார்வைதான். கல்யாண வீட்டுக்குப் போனா நான் பொண்ணு கழுத்தைப் பார்ப்பேன், அவர் பொண்ணு நிக்கிற தரையைப் பார்ப்பார். "மூலையில சிமெண்டு சரியா நிரப்பலை, தட்டினா டொக்குன்னு சத்தம் வரும் பாரு" என்பார். மாப்பிள்ளை எப்படின்னு கேட்டா தெரியாது.

இந்தத் தண்ணி பாட்டில் மூடியைக் கொஞ்சம் திறந்து குடுங்களேன். காலையில ரொம்ப இறுக்கி மூடிட்டேன் போல. அட, உங்க கைக்குப் பட்டுன்னு வந்துடுச்சே. இந்தப் பிள்ளையைத் தூக்கித் தூக்கி எனக்குக் கையில தெம்பே இல்லீங்க. பேரு இனியன். இன்னும் வயசு ஒண்ணு முடியலை, கனத்தைப் பாருங்க, அரிசி மூட்டை தோத்துப் போகும்.

நீங்க எந்த ஊருங்க? முத்தூர் பக்கமா? அப்போ நம்ம பக்கம்தான். நாங்க வெள்ளகோவிலுக்கு இந்தாண்டை. உள்ளே இருக்கிறது உங்க மாமியாருங்களா? தலைசுத்தலா? பாவம், வயசானவங்க. வர்றதுக்கு நேரமாகும், நரம்பு பார்க்கிற அந்த மெஷினே அப்படித்தான், நிதானமாத்தான் வேலை செய்யும்.

உங்ககிட்டச் சொல்றேன், ஊருக்குள்ள யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்குக் கை சரியில்லை, நரம்பு டாக்டரைப் பார்க்கப் போறோம்னுதான் சொல்லிட்டு வந்திருக்கோம். அவர் துணைக்கு வந்த ஆள். நிஜத்துல வைத்தியம் அவருக்கு. ஏன்னு கேளுங்க. நரம்பு டாக்டர்னு சொன்னாலே அவருக்கு வெக்கம்.

பஸ் ஸ்டாண்டுச் சுவர்ல ஒட்டியிருப்பாங்களே, மஞ்சள் நோட்டீஸ். "நரம்புத் தளர்ச்சியா, கவலை வேண்டாம்"னு பெரிசா போட்டு, கீழே ஏதோ ஒரு லாட்ஜ் பேரும் ரூம் நம்பரும். பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல அதைப் படிக்காத ஆள் உண்டா, ஆனா படிக்கிறதை யாராவது பார்த்துட்டா சட்டுன்னு திரும்பி ஜூஸ் கடை விலைப்பட்டியலைப் படிப்பாங்க. அவருக்கு அந்த நோட்டீஸ்தான் கண்ணுக்குள்ள நிக்குது. "நான் நரம்பு டாக்டர்கிட்டப் போனேன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும், ஊரே என்னன்னு பேசும்?" என்கிறார். நான் சொன்னேன், மாமா, பிள்ளை இடுப்புல உக்கார்ந்திருக்கான், இதைவிட உங்களுக்கு என்ன சாட்சி வேணும், அவனை எல்லார் வீட்டு வாசல்லயும் கொண்டு போய்க் காட்டட்டுமான்னு. அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. கோபம். அப்புறம் பசிச்சு எழுந்து தயிர்சாதத்தை அவரே போட்டுக்கிட்டார், அது வேற.

எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேக்குறீங்களா? செருப்புல ஆரம்பிச்சுதுங்க.

ஆவணி முகூர்த்தத்துக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்னு ஒரு கல்யாண மண்டபம் வேலை வந்தது. பெரிய மண்டபம். ஆடி பூராவும் அவர் அங்கேதான் கிடந்தார். அந்த வேலை எப்படின்னா, குந்தவெச்சு உக்கார்ந்தே செய்யணும். காலையில உக்கார்ந்தா சாப்பாட்டுக்குத்தான் எந்திரிக்கிறது. தவளை மாதிரி உக்கார்ந்தபடியே பக்கத்துக் கல்லுக்கு நகர்ந்து போவார். நானே போய்ப் பார்த்திருக்கேன்.

ஒரு நாள் சாயங்காலம் வர்றார், வலது கால்ல செருப்பு இருக்கு, இடது கால்ல இல்லை. "இன்னொண்ணு எங்கே?" என்கிறேன். "எது?" என்கிறார். குனிஞ்சு பார்த்துட்டு அவரே முழிக்கிறார். செருப்பு கழண்டு விழுந்தது தெரியலை, அப்படியே நடந்து வந்திருக்கார். நான் சிரிச்சேன். வேற என்ன பண்றது. ஞாபகம் பூராவும் மண்டபத்துல வெச்சுட்டு வந்துட்டார்னு நினைச்சேன். மறுநாள் பட்டை வெச்ச செருப்பு வாங்கிக்கிட்டார். பிரச்சினை தீர்ந்தது, அவரைப் பொறுத்தவரை.

அடுத்தது வண்டி. எங்க வண்டிக்கு முதல் கியரைக் கீழே மிதிக்கணும், மத்ததெல்லாம் இடது கால் விரலால மேலே தூக்கணும். இவர் முதல் கியர்லயே ஊரெல்லாம் சுத்த ஆரம்பிச்சார். டிராக்டர் வருதுன்னு நினைச்சு ஜனம் ஒதுங்கி நிக்கும், பார்த்தா இவர் வருவார். கேட்டா "கியர் விழ மாட்டேங்குது, வண்டி போச்சு" என்கிறார். மெக்கானிக்கிட்ட விட்டார். அந்தத் தம்பி ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டு, "வண்டி வெண்ணெய் மாதிரி போகுதுங்கண்ணா" என்கிறான். இவர் விடலையே. கியர் பெடலை மாத்தச் சொன்னார். மாத்தினான். அப்புறமும் விழலை. உள்ளே திறந்து பாருன்னார். திறந்தான். கடைசியில அந்தத் தம்பி கும்பிடு போட்டு, "அண்ணா, வேற கடை பார்த்துக்கங்க" என்னுட்டான். கால் தூக்கலைங்கக்கா. கால் தூக்காததுக்கு வண்டியைப் பிரிச்சுப் போட்ட ஆள் இந்த ஜில்லாவுல இவர் ஒருத்தர்தான் இருப்பார். ஆம்பிளைங்களுக்கு உடம்புல ஒரு குறைன்னா அது தன் உடம்புல இருக்குன்னு தோணவே தோணாது. வண்டியில இருக்கும், ரோட்டுல இருக்கும், பொண்டாட்டி சமையல்ல இருக்கும்.

ஒரு நிமிஷம், கையை உதறிக்கிறேன். ஒண்ணுமில்லை, இவன் தலை இந்த மணிக்கட்டு மேல இருந்தா விரலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி ஆயிடும். பிள்ளை வெச்சிருக்கிற பொம்பளைக்கெல்லாம் இருக்கிறதுதான். உதறினா போயிடும்.

எங்க மாமியார் வாயுன்னு சொன்னாங்க. பூண்டு தட்டிப் போட்டு ரசம் வெச்சுக் குடுத்தாங்க. வேப்பெண்ணெய் தேய்ச்சோம். காலு கமகமன்னு இருந்தது, தூக்கத்தான் இல்லை. எனக்குத்தான் முதல்ல சந்தேகம் வந்தது, இது நரம்புன்னு. எப்படின்னா, நான் பத்தாவது வரைக்கும் எங்க ஊரு ஹைஸ்கூல்ல படிச்சவ. அறிவியல்ல நரம்பு மண்டலம் பாடம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. நியூரான் படம் வரைஞ்சு பாகம் குறின்னா அஞ்சு மார்க். நட்சத்திரத்துக்கு நீளமா வால் முளைச்ச மாதிரி இருக்கும். மூளை, தண்டுவடம், அதுல இருந்து கிளை கிளையா நரம்பு. மூளை சொல்ற சேதி அந்த வழியாத்தான் காலுக்குப் போகணும், கால் படுற சூடும் குத்தலும் அந்த வழியாத்தான் மேலே வரணும். செருப்பு கழண்டது தெரியலைன்னா மேலே போற சேதி போகலை. கியர் தூக்க முடியலைன்னா கீழே வர்ற சேதி வரலை. ரெண்டும் ஒரே வாய்க்கால்தானே. எங்கேயோ மடை அடைச்சிருக்கு. இதைச் சொன்னா, "பத்தாவது படிச்ச டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்கிறார்.

அந்தப் பாடத்துல அனிச்சைச் செயல்னு ஒண்ணு வரும், ஞாபகம் இருக்குங்களா? சூடான பாத்திரத்தைத் தொட்டா கை தானா விலகும், மூளையைக் கேட்டுட்டு விலகாது, தண்டுவடமே உத்தரவு போட்டுடும்னு. அதை ஒரு நாள் இவருக்குச் சொல்லிக் குடுத்தது என் தப்பு. "உன் வாயும் அதேதான் புள்ள, மூளைக்குப் போகாம நேரா வெளிய வந்துருது" என்கிறார். நான் அப்படியாங்கக்கா பேசுறேன்? அளவாத்தான் பேசுவேன்.

நரம்பு டாக்டரைப் பார்க்கலாம்னு சொன்னதும் என்ன பண்ணினார் தெரியுமா? முழங்கையை மடக்கி முறுக்கிக் காட்டினார். பச்சையா புடைச்சுக்கிட்டு ஓடுதே, அதைக் காட்டி, "பாரு, நரம்பு எப்படி முறுக்கா இருக்கு. ஊசி போடுற நர்ஸம்மாவே சொல்லும், உங்களுக்கு நரம்பு சட்டுன்னு கிடைக்குதுன்னு. எனக்குப் போய் நரம்புல கோளாறா?" என்கிறார். மாமா, அது ரத்தக்குழாய், சிரை, அதுல ஓடுறது ரத்தம், நரம்பு உள்ளே நூல் மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாதுன்னேன். "ஊசி போடுற நர்ஸு நரம்புன்னுதான் சொல்லுது. உனக்குத் தெரியுமா, அந்தம்மாவுக்குத் தெரியுமா?" அவங்களும் அப்படித்தான் சொல்றாங்க. கையில தெரியறதும் நரம்பு, கழுத்துப் புடைச்சா அதுவும் நரம்பு, கறிக்கடையில வெட்டிப் போடுறதும் நரம்பு, நோட்டீஸ்ல இருக்கிறதும் நரம்பு. இத்தனை நரம்பையும் ஒண்ணாக் கட்டிக்கிட்டு இந்த மனுசன்கிட்ட நான் மாரடிச்சேன்.

நானும் விட்டிருப்பேன். ஆனா ஒரு நாள் இவனைத் தோள்ல போட்டுக்கிட்டு உள்ளே வரும்போது வாசப்படியில இடது கால் தடுக்கிடுச்சு. பாதம் தொங்கினா நுனி தட்டத்தானே செய்யும். விழுந்தார். விழும்போதே திரும்பி, பிள்ளை மேல படாம, முதுகு அடிபட விழுந்தார். இவனுக்கு ஒண்ணும் ஆகலை, விளையாட்டுன்னு நினைச்சுச் சிரிச்சான். அவர் எந்திரிக்கவே இல்லை கொஞ்ச நேரம். அடி பெரிசில்லை. பயம்.

அன்னையில இருந்து பிள்ளையைத் தூக்குறதில்லைங்க. "சட்டையெல்லாம் சிமெண்டு", "எனக்குச் சளி, அவனுக்கு ஒட்டிக்கும்"னு ஏதாவது சொல்வார். இவன் கையைக் கையை நீட்டுவான், அவர் வேற பக்கம் பார்த்துக்குவார். பூராவும் நானே தூக்குறேன். அதை நான் ஒண்ணும் பெரிசா நினைக்கலை. அவர் முகத்தைத்தான் பார்க்க முடியலை. கால் இப்படியே ஆயிட்டா குந்தவெக்க முடியாது, தொழிலே போச்சு. அதுகூடப் பரவாயில்லை, ரெண்டு மாடு இருக்கு, ஓட்டிக்கலாம். தன் பிள்ளையைத் தூக்கப் பயப்படுற மனுசனை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

மாடுன்னதும் ஞாபகம் வருது, சாயங்காலக் கறவைக்குள்ள நான் வீட்டுக்குப் போகணும். ரெண்டுல ஒண்ணு சிட்டு. அது இப்போ கொஞ்ச நாளா சரியில்லீங்க. பாலைச் சரியா விட மாட்டேங்குது. முன்னே சொம்பு நுரைச்சு வழியும், இப்போ கறக்கிறேன் கறக்கிறேன் பாதி சொம்புதான். மடியில பால் இருக்குது, விடுறதில்லை. அழுத்தக்காரி. மாட்டு டாக்டரைக் கூட்டியாந்து காட்டினேன். உங்க ஊருக்கும் அவர்தான் வர்றாரா, மீசை வெச்சவரு? அவரேதான். மடியைத் தொட்டுப் பார்த்தார், தீவனம் கேட்டார், "மாட்டுக்கு ஒரு கோளாறும் இல்லைம்மா, கறக்கிறவங்க கையை மாத்திப் பாருங்க" என்னுட்டுப் போயிட்டார். இதைச் சொல்றதுக்கு அவ்வளவு தூரம் படிக்கணுமா? உங்க ஊர்ல நல்லாப் பார்ப்பாரா? எனக்கென்னமோ அவருக்கு வேலையே தெரியலைன்னுதான் தோணுது. என் கைக்கு என்ன குறை? சின்ன வயசுல இருந்து கறக்கிற கை.

அதுல ஒரு வேடிக்கை, நான் ஒரு நாள் காய்ச்சல்ல படுத்திருந்தப்போ இவர் உக்கார்ந்து கறந்தார். சொம்பு நிறைஞ்சு போச்சு. சிட்டுக்கு ஆம்பிளைன்னா ஒரு மரியாதை. மாட்டுலயும் அந்தப் புத்தி இருக்குது பாருங்க.

எப்படிக் கூட்டிட்டு வந்தேன்னு சொல்ல வந்தேன். நேராச் சொன்னா வரமாட்டார். அதனால ஒரு திட்டம் போட்டேன். சாப்பிடும்போது தம்ளரைக் கீழே போட்டேன். உண்மையில அது தானாத்தான் விழுந்தது, அந்த வாய்ப்பை நான் விடலை. "மாமா, எனக்குக் கை மரமரன்னு ஆகுது, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, பிடிமானமே இல்லை, நரம்பு டாக்டரைப் பார்க்கணும்"னு அழுகிற மாதிரி சொன்னேன். மனுசன் சோத்துல கையை வெச்சபடி என்னைப் பார்த்தார். மறுநாள் வேலைக்குப் போகலை. வேட்டி சட்டை மாத்தி, இவனுக்குக் குல்லா போட்டு, "கிளம்பு" என்னுட்டார். தன் காலுக்கு ஆடியில இருந்து வராத ஆள், என் கைன்னதும் ஒரே ராத்திரியில கிளம்பிட்டார். எனக்கே கொஞ்சம் மனசு உறுத்துச்சு, இப்படிப் பொய் சொல்லிட்டோமேன்னு. முழுப் பொய்யும் இல்லீங்க, லேசா மரக்கும்தான். கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

பஸ்ல வர்றப்போ என் பையை வாங்கி வெச்சுக்கிட்டார். டிக்கெட்டைக்கூட என்னைப் பிடிக்க விடலை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கிட்டேன்.

இங்கே சீட்டும் என் பேர்லதான் போட்டோம். உள்ளே போனதும் டாக்டரம்மா சீட்டைப் பார்த்து, "கை மரத்துப் போகுதாம்மா?" என்கிறாங்க. "அது கிடக்கட்டுங்க டாக்டரம்மா, இவர் காலைப் பாருங்க" என்னுட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே. படக்குன்னு எந்திரிச்சு வாசலுக்கு நடந்தார். ரூமுக்கு வெளியே கழட்டச் சொல்வாங்க, பட்டை வெச்ச செருப்புன்னா அவுக்க நேரமாகும்னு இன்னைக்குச் சாதாரணச் செருப்புப் போட்டுட்டு வந்திருந்தாருங்க, ஆனா இங்கே கழட்ட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நடக்கிறார், இடது செருப்பு நாற்காலிக்குக் கீழேயே இருக்கு. அவருக்குத் தெரியலை. டாக்டரம்மா செருப்பைப் பார்த்தாங்க, அவர் காலைப் பார்த்தாங்க.

"ஐயா, செருப்பு வேண்டாமா?"

திரும்பிப் பார்த்தார். முகம் செத்துப்போச்சு.

"வந்து உக்காருங்க" என்றாங்க. வந்து உக்கார்ந்தார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

அப்புறம் சோதனை. சின்னச் சுத்தியால முட்டியில தட்டினாங்க, கால் உதைச்சுது. அது அனிச்சைச் செயல்தானேன்னு கேட்டேன். ஆமாம்மான்னு சிரிச்சாங்க. இவர் என்னை முறைச்சார். பாதத்தைத் தூக்கச் சொன்னாங்க. வலது தூக்குது. இடதுக்கு முகமெல்லாம் இழுக்குது, பாதம் படுத்தே கிடக்குது. கண்ணை மூடச் சொல்லி ஊசி நுனியால தொட்டாங்க, பாதத்து மேல தொட்டது தெரியலை. குதிகாலால நடக்கச் சொன்னப்போதான் எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு.

அப்புறம் இந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் கால்ல ஒயர் ஒட்டிக் கரண்டு வெச்சாங்க. பயப்படாதீங்க, உங்க மாமியாருக்குத் தாங்கும், சுண்டி விடுற மாதிரிதான் இருக்குமாம். முட்டிக்குக் கீழே வெச்சா பாதம் துள்ளுது. ஆடியில இருந்து அவர் தூக்க முடியாத பாதத்தை மெஷின் தூக்கிடுச்சுங்கக்கா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. முட்டிக்கு மேலே வெச்சா சோம்பேறி மாதிரி லேசா அசையுது. "இந்த இடம்தான்" என்றாங்க டாக்டரம்மா. முட்டிக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு எலும்பு முட்டிக்கிட்டு இருக்குமே, தொட்டுப் பாருங்க, அங்கேதான் நரம்பு எலும்பைச் சுத்தி ஓடுதாம். மேலே தோலைத் தவிர மறைப்பே இல்லையாம். குந்தவெச்சுக் குந்தவெச்சு அங்கே நசுங்கியிருக்கு. நான் சொன்னேன்ல, மடை அடைச்சிருக்குன்னு. பத்தாவது படிச்ச டாக்டரம்மா.

ஆனா அதுக்கு அடுத்தது சொன்னாங்க பாருங்க. நரம்புக்கு மேலே ஒரு உறை இருக்காம். உறை மட்டும் நசுங்கியிருந்தா தானாச் சரியாயிடுமாம். உள்ளே இருக்கிற இழையே அடிபட்டிருந்தா முழுசாத் திரும்புமான்னு சொல்ல முடியாதாம். அதைப் பார்த்துச் சொல்றேன்னு மெஷினைத் திருப்புற நேரத்துல இவன் வீல்னு கத்த ஆரம்பிச்சுட்டான். "பிள்ளையை வெளியே தூக்கிட்டுப் போம்மா"ன்னு என்னை அனுப்பிட்டாங்க.

அவர் ரொம்ப நேரம் உள்ளே இருந்தார். கதவுக் கண்ணாடியில பார்த்தேன், டைல்ஸைத் தவிர வேற எதுக்கும் நாலு வார்த்தை பேசாத மனுசன், கையை ஆட்டி ஆட்டி டாக்டரம்மாகிட்டப் பேசுறார். அந்தம்மாவும் தலையை ஆட்டிக் கேக்குறாங்க. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அந்த மஞ்சள் நோட்டீஸ் சமாச்சாரத்தைக் கேக்குறார்னு. பொம்பளை டாக்டர்கிட்ட அதைக் கேக்க இவருக்கு எங்கே இருந்து தைரியம் வந்ததுன்னு எனக்கு ஆச்சரியம். வெளியே வந்தார், கேட்டேன், "என்ன மாமா, நோட்டீஸ்ல இருக்கிறதெல்லாம் விசாரிச்சாச்சா?" சிரிக்கலை. "இன்னொரு டெஸ்ட் இருக்கு, உக்காரு" என்னுட்டுத் தூண் பக்கம் போய் நின்னுக்கிட்டார்.

அதான் இப்படி உங்ககிட்டப் பேசிக்கிட்டே இருக்கேன். சரியாயிடும்னா இன்னொரு டெஸ்ட் எதுக்கு? உள் இழைதான் போச்சுன்னு சொல்லியிருப்பாங்களோ? என்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டுத்தான் தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரோ?

இவன் சட்டைப் பட்டனைக் கொஞ்சம் போட்டு விடுறீங்களா? குட்டிக் குட்டிப் பட்டனா வெச்சுத் தைக்கிறாங்க இப்பல்லாம், விரல்ல நிக்கவே மாட்டேங்குது.

என்ன பேரு கூப்பிட்டாங்க? கோகிலவாணியா? அது நான்தான். பாருங்க, பழைய சீட்டைப் பார்த்துக் கூப்பிடுறாங்க. மாமா, உங்களைத்தான் கூப்பிடுறாங்க, போங்க.

"என்னை இல்லை, உன்னைத்தான்."

சீட்டு என் பேர்ல இருக்கு மாமா, அதனாலதான்...

"சீட்டு சரியாத்தான் இருக்கு. எனக்குப் பார்த்து முடிச்சாச்சு. உறைதான் நசுங்கியிருக்காம். பாதம் தொங்காம இருக்கக் காலுக்குப் பட்டை கட்டிக்கிட்டுப் பயிற்சி பண்ணினா வந்துரும்னாங்க. ஸ்டூல் போட்டு உக்கார்ந்துதான் இனி வேலை."

வந்துருமா? அக்கா, கேட்டீங்களா, வந்துருமாம். இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன மாமா? இத்தனை நேரம் உயிரை வாங்கிட்டீங்களே. அப்போ அவ்வளவு நேரம் உள்ளே என்னத்தைப் பேசினீங்க?

"நீ ராத்திரி எந்திரிச்சு உக்கார்ந்து கையை உதறுறதைச் சொன்னேன். உதறிட்டுத் திரும்பிப் படுத்தா நான் தூங்குறேன்னு நினைச்சுக்குவே. தம்ளர் விழுறதைச் சொன்னேன். மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்கும் போல, அதையும் பார்த்துடலாம்னாங்க. முன்னாடியே சொன்னா நீ மாட்டைச் சாக்குச் சொல்லி ஓடிருவே."

மாமா, அது உங்களைக் கூட்டிட்டு வர்றதுக்குச் சொன்ன பொய்.

"என்கிட்டச் சொன்னது பொய். ராத்திரி உதறுறதும் பொய்யா? பால் குறைஞ்சதும் பொய்யா? சிட்டுக்கு ஒண்ணும் இல்லைன்னு அந்த டாக்டர் அன்னைக்கே சொன்னார்ல."

அக்கா, சிரிக்காதீங்க. இல்லை, சிரிங்க, பரவாயில்லை.

இருங்க, வர்றேன்னு சொல்லுங்க அவங்ககிட்ட. இந்தப் பிள்ளையைக் கொஞ்சம்... மாமா, நீங்களா? இப்படி முன்னால வந்து கையை நீட்டுறீங்க? நின்னுக்கிட்டு வேண்டாம், பெஞ்சுல உக்கார்ந்து வாங்கிக்கங்க. ஆங், அப்படி. பாருங்கக்கா, போறான் பாருங்க, அப்பன்னா எப்படித் தாவுறான்.

நான் உள்ளே போயிட்டு வர்ற வரைக்கும் ரெண்டு பேர் மேலயும் ஒரு கண் வெச்சுக்கங்க. கரண்டு சுண்டுற மாதிரிதானே இருக்கும்? நான்தான் உங்களுக்குச் சொன்னேன், இல்லையா? ஊருக்குள்ள ஒண்ணும் பிரச்சினை இல்லை, எனக்குக் கை சரியில்லைன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு, அது இப்போ நிஜமாவே ஆயிடுச்சு. ஆனா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், நான் பேசினது மட்டும் அந்த மாட்டு டாக்டர் காதுல விழுந்துடக் கூடாது.